விலகலாமா, வேண்டாமா

ஸ்வான் க்ரோவ், மின்னசோட்டா
அக்டோபர் 8, 1978

அன்புள்ள லவோன் அக்காவுக்கு,

இங்கே டுவேன், பிள்ளைகள், மாடுகள் எல்லாரும் சௌக்கியம். நேற்றைக்கே முதல் பனி விழுந்துவிட்டது. நீ அந்த அரிசோனா வெயிலில் கையில்லாத சட்டையோடு திரிந்துகொண்டிருப்பாய் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முதலில் நல்ல செய்தி. பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கும் டாலஃப்சன் அம்மா ஜூனில் ஓய்வு பெறுகிறார். உன் விண்ணப்பம் ஹெட்மாஸ்டர் மேஜைமேல்தான் இருக்கிறது. "உங்க அக்கா வந்தாங்கன்னா எனக்குப் பாதி பாரம் இறங்கிரும்" என்று அவரே சொன்னார். நாலு வருஷத்துக்கு மேல் அங்கே தனியாகக் கிடந்தது போதும். மாடி அறைக்கு டுவேன் இப்போதே வர்ணம் பூச ஆரம்பித்துவிட்டார்.

இனி என் தலைவலி. பெற்றோர் சங்கத்துக்கு இந்த வருஷம் நான் தலைவி. வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். நம் ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா என்ன. பதவியேற்ற முதல் கூட்டத்திலேயே ஹார்லன் ரூட் எழுந்து, நம் சங்கம் தேசியச் சங்கத்தைவிட்டு விலகித் தனியாக நிற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு என்ன வேணும்னு எங்கயோ பெரிய ஊர்ல மாடிக் கட்டடத்துல உக்காந்திருக்கிறவன் ஏன் சொல்லணும்?" என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி பெர்னீஸ் கூபெக். "நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தை மூடறேன்னு வருவாங்க. அன்னைக்கு நீ தனியா தலைநகரத்துல போயி நின்னு கத்து, யாரு காது குடுக்குறாங்கன்னு பாப்போம்" என்கிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. ஏப்ரலில் ஓட்டெடுப்பு.

உன்னிடம் ஒரு சின்ன உதவி. உனக்குப் பிறகு நான்கு வருஷம் பெர்னீஸ்தானே தலைவி. அவள் என்னிடம் தந்த பெட்டியில் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன, தேசியச் சங்கத்துக் காகிதம் மட்டும் ஒன்றும் இல்லை. அவளைக் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள். அவள் வாய் உனக்குத் தெரியும், அவள் பேசத் தொடங்கினால் பாதிரியாரே உட்கார்ந்துவிடுவார். உன் காலத்துக் காகிதம் ஏதாவது உன்னிடம் தங்கிவிட்டதா என்று பார்.

குளிரில் நடுங்கும் உன் தங்கை,
ஆர்லிஸ்


டூசான், அரிசோனா
அக்டோபர் 25, 1978

அன்பு ஆர்லிஸ்,

உன் கடிதம் கிடைத்ததும் வாசலிலேயே நின்று படித்துவிட்டேன். முழங்கால் வெயிலுக்கு நன்றாக மடங்குகிறது. டுவேன் முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல். ஏணியில் ஏறுகிற வயதா அவருக்கு?

மாடி அறைக்கு இளமஞ்சள் அடிக்கச் சொல். ஜன்னல் திரையை நானே தைத்துக் கொண்டுவருகிறேன். துணிகூட வாங்கிவிட்டேன், சிரிக்காதே. இந்த ஊர் நல்ல ஊர்தான். ஆனால் இங்கே ஒரு வீட்டுக்குப் போனால் "காபி குடிக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கிறார்கள். நான் வழக்கப்படி "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறேன். அவர்களும் சரி என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நாலு வருஷமாக நாக்கு வறண்டு வீடு திரும்புகிறேன். எனக்கு மூன்றாவது தடவை கேட்கிற மனிதர்கள் வேண்டும், ஆர்லிஸ். ஜூன் வரை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஹார்லனைப் பேச விடு. பசி வந்தால் தானே உட்கார்ந்துவிடுவார். பின்வரிசைக்காரர்கள் பழைய கதை ஏதாவது கேட்டால், சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போ.

பக்கத்து வீட்டு மரத்துப் பம்பளிமாஸ் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடு.

உன் அக்கா,
லவோன்


ஸ்வான் க்ரோவ்
நவம்பர் 20, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

பழம் வந்தது. வந்த அன்றே தீர்ந்தது. பையன் ராண்டிக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம். அறைக்கு இளமஞ்சள்தான்.

சங்கம் ரெண்டுபட்டுவிட்டது. விவாதக் கூட்டம் என்று ஒன்று வைத்தேன். ஹார்லன், தேசியச் சங்கம் அனுப்பும் பத்திரிகையைத் தான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை என்றார். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது கண்ணுல படும்" என்றாள் பெர்னீஸ். அதோடு போயிற்று மரியாதை. இப்போது கடையில் இந்தக் கட்சிக்காரர்கள் காலையில் வருகிறார்கள், அந்தக் கட்சிக்காரர்கள் மாலையில் வருகிறார்கள். நான் நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் அடி. எங்கள் ஜேனல் பிறந்தநாளுக்குப் பெர்னீஸ் தன் மகளை அனுப்பவில்லை. பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே கேக் சாப்பிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு சங்கம் விலகுவதென்றால், மாநில அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டுமாம். ஏப்ரல் கூட்டத்துக்கு அழைக்கப்போகிறேன் என்றதும் பெர்னீஸ் குதூகலிப்பாள் என்றுதான் நினைத்தேன், அவள் கட்சிக்காரர்கள்தானே அவர்கள். அவள் முகம் செத்துவிட்டது. "அவங்க எதுக்கு இவ்வளவு தூரம்? நம்ம வீட்டு விஷயம், நாமளே பேசிக்கலாமே" என்றாள்.

அழைப்புக் கடிதத்தில் நம் சங்கத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். காகிதம் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. திரைத்துணி மும்முரத்தில் மறந்திருப்பாய். பழைய பெட்டி எதிலாவது இருக்கிறதா பார்.

அன்புடன்,
ஆர்லிஸ்


டூசான்
ஜனவரி 4, 1979

அன்பு ஆர்லிஸ்,

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பண்டிகைக்காலத்தில் கடையில் வேலை அதிகம். ராண்டி ஜலதோஷம் தேவலையா?

கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். அந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. மாடி அறையை ஜேனலுக்குக் கொடு. வளர்கிற பெண்ணுக்குத் தனி அறை வேண்டும்.

பொங்கிக் கோபப்படாதே.

லவோன்


ஸ்வான் க்ரோவ்
ஜனவரி 22, 1979

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று நினைக்கிறேன்.

பதிவு எண் இல்லாமலே மாநில அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது. நம் சங்கம் 1973 முதல் அவர்கள் பட்டியலில் இல்லையாம். அந்த வருஷத்து உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் வரவில்லை, நினைவூட்டல்களுக்கும் பதிலில்லை, பெயரை நீக்கிவிட்டோம் என்கிறார்கள். விலகுவதைப் பற்றிப் பேச வர இயலாது, ஏற்கெனவே விலகிவிட்டீர்கள், புதிதாகச் சேர விரும்பினால் விண்ணப்பம் இணைத்திருக்கிறோம் என்று மிக மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்.

கடிதத்தை டுவேனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர் அடுப்பில் போடச் சொல்கிறார்.

நான் பிறந்ததிலிருந்து யாரையும் நேராக ஒன்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். 1973இல் நீ அனுப்பினாயா, இல்லையா?

ஆர்லிஸ்


டூசான்
பிப்ரவரி 25, 1979

அன்பு ஆர்லிஸ்,

நீங்கள் எல்லாரும் சுகம்தானே. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

அனுப்பவில்லை.

பட்டியல் தயார், உறைமேல் தபால்தலைகூட ஒட்டியாயிற்று. குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்திருந்தேன். அந்த வாரம்தான் கிளிஃபர்ட், கட்டிய மனைவி என்று பாராமல், என்னை விட்டுப் போனான். தபால் நிலையத்துக்குப் போனால் "கிளிஃபர்ட் எப்பிடியிருக்காரு?" என்று கேட்பார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். பிப்ரவரியில் நினைவூட்டல் வந்தது. தலைவி வீட்டு முகவரிதானே சங்கத்துக்கு முகவரி. மூன்று மாதம் பிந்தியதை என்ன முகத்தோடு அனுப்புவது என்று மேஜை டிராயரில் போட்டேன். இரண்டாவது வந்தது, அதையும் போட்டேன். உறையைக் கடைசியில் எரித்துவிட்டேன். சந்தாப் பணத்தில் ஒரு காசு நான் தொடவில்லை, அது சங்கத்து வங்கிக் கணக்கிலேயே இருந்தது. இதை நீயாவது நம்பு.

1974 ஜூனில் சங்கத்துப் பெட்டியைப் பெர்னீஸிடம் கொடுத்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் அடுத்த மாதமே ஊரைவிட்டு வந்தேன். வெயிலுக்காக என்று சொன்னதெல்லாம் பொய். அவள் ஒரு நாள் ஊரறியச் சொல்லிவிடுவாள் என்று ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டே இருக்கிறேன்.

ஒரு தபால் உறையைப் போட முடியாதவளுக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலையா? ஊர் சிரிக்கும். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம். எனக்கு ஊருக்கு வர ஆசைதான், ஆர்லிஸ். அழுதுகொண்டே எழுதுகிறேன், மை கலைந்திருந்தால் மன்னி.

லவோன்


ஸ்வான் க்ரோவ்
மார்ச் 4, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

மை கலைந்துதான் இருந்தது. நானும் கொஞ்சம் கலைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், ஒழுங்காகச் சாப்பிடு.

நம்புகிறேன். எனக்குக் கோபம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மைல் தள்ளி நான் இருந்தேன். வாராவாரம் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஹாட்டிஷ் செய்து கொண்டுவந்து உன் வாசலில் வைத்துவிட்டு, தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவைத் தட்டாமலே திரும்பினேன். பாத்திரம் கழுவி வாசலில் இருக்கும், எடுத்துக்கொண்டு போவேன். என்ன பிழைப்பு இது? உள்ளே வந்து "என்னடி அக்கா ஆச்சு உனக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த உறையை நானே தபாலில் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 10 கூட்டத்தில் மாநிலக் கடிதத்தைப் படித்தே ஆகவேண்டும். இல்லாத உறவை வைத்துக்கொள்ளலாமா முறிக்கலாமா என்று எண்பது பேரை ஓட்டுப்போட விட என்னால் முடியாது. உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்தைச் சொன்னால் விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் புரிந்துவிடும். வேறு வழி தெரிந்தால் எழுது.

உன் தங்கை


டூசான்
மார்ச் 13, 1979

ஆர்லிஸ்,

சுகம். வேறு வழி இல்லை. என் பிப்ரவரிக் கடிதத்தையே கூட்டத்தில் படித்துவிடு. கிளிஃபர்ட் போனதையும் சேர்த்துப் படி. அரைகுறையாகத் தெரிவதைவிட முழுசாகத் தெரியட்டும். அதன் பிறகு ஹெட்மாஸ்டருக்கு, வரவில்லை என்று நானே எழுதிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் உடனே எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

லவோன்


ஸ்வான் க்ரோவ்
ஏப்ரல் 11, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு நாற்காலியில் உட்கார். பயப்படும்படி ஒன்றும் இல்லை, மூச்சை விடு.

நேற்றுக் கூட்டத்துக்கு எழுபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முதலில் சாப்பாடு. இந்த மேஜைக்காரர் அந்த மேஜைக்காரரின் ஹாட்டிஷைத் தொடவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள். நான் மனசுக்குள் தலை எண்ணிப் பார்த்தேன். பெர்னீஸ் கட்சி பத்து ஓட்டில் ஜெயிக்கும்போல இருந்தது. மாநில அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை என்பதைப் பார்த்து அவளும் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து மாநிலக் கடிதத்தைப் படித்தேன். ஹார்லன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் ஆறு மாசமா எதுலேருந்து விலகணும்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தேன்?"

பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பேர் சிரிக்கலாமா என்று பெர்னீஸைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், யார் என்று உனக்கு எழுத மாட்டேன், "எழுபத்துமூணுல யாரு தலைவி?" என்றது. உடனே எல்லாரும் தங்கள் காபிக் கோப்பையைக் குனிந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். நான் கைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். மடிப்பைப் பிரிக்கப் போனேன்.

பெர்னீஸ் எழுந்தாள்.

"அதை உள்ள வை, ஆர்லிஸ்" என்றாள். "எழுபத்துநாலுல பெட்டி என் கைக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேன். அந்த வருஷத்து ரசீது அதுல இல்ல. லவோன் வீட்டுல அப்ப என்ன நடந்துச்சுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். புருஷன் போட்டுட்டுப் போன வீட்டுல போயி, ரசீது எங்கன்னு எவ கேப்பா? நான் கேக்கல. அவ முகத்தைப் பாத்தேன், கேக்க வாய் வரல."

மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள். "சரி, நாம அனுப்பிரலாம்னு பாத்தா, போன வருஷம் ஏன் வரலைன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு அவ பேரை எழுதணும். அதனால நானும் அனுப்பல. இன்னைக்கு நாளைக்குன்னு நாலு வருஷம். அவ ஒரு வருஷம், நான் நாலு வருஷம். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. இந்தத் தடவை இருக்கலாம்னு ஓட்டு விழுந்துட்டா, ஆர்லிஸ் புதுசா ஒரு விண்ணப்பம் அனுப்புவா, சத்தமில்லாம எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்தக் கத்துக் கத்தினேன். ஜேனல் பொறந்தநாளுக்குப் பிள்ளைய அனுப்பாதது என் தப்பு. ஆர்லிஸ் என்னைக் கண்ணுக்கு நேரா பாத்தா நான் எல்லாத்தையும் சொல்லிருவேன்னு பயந்து நின்னேன்."

உட்கார்ந்துவிட்டாள். அக்கா, அவளை இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணம் என்னாயிற்று என்று பொருளாளரை ஒருவர் கேட்டார். வங்கிக் கணக்கிலேயே கிடந்து, மூன்று வருஷம் முன்னால் விளையாட்டுத் திடல் சறுக்குமரமாகிவிட்டதாம். "அதுல என் பேரன் டவுசர் கிழிஞ்சிருக்கு" என்றார் ஹார்லன். அதற்குப் பிறகு யாரும் அடக்கிக்கொண்டு சிரிக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்கள். பெர்னீஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஓட்டெடுத்தோம். கேள்வி தலைகீழாகிவிட்டது: புதிதாகச் சேரலாமா, இப்படியே தனியாக இருக்கலாமா? ஐந்து வருஷம் தனியாக இருந்தும் கூரை இடிந்துவிழவில்லையே என்று சிலர் மனம் மாறிவிட்டார்கள். சேர 38, தனியாக இருக்க 41. பெர்னீஸ் மூன்று ஓட்டில் தோற்றாள். பள்ளிக்கூடத்தை மூட வருகிற அன்று தலைநகரத்துக்குப் போகிற முதல் காரை ஓட்டப்போவது ஹார்லன்தான் என்று குறிப்பில் எழுதச் சொன்னாள். எழுதினேன். ஹார்லன் கையெழுத்தும் போட்டார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். "உங்க அக்காவ ஜூன் நாலாந்தேதி வேலைக்கு வரச் சொல்லுங்க. ஏதாவது பிந்தினா நான் வாய்விட்டுக் கேட்டுருவேன், அவங்களும் வாய்விட்டுச் சொல்லிரணும். அவ்வளவுதான்" என்றார். பெர்னீஸ் என் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக என்னிடம் தனியாகப் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை.

"அவ வருவாளா?" என்றாள்.

உன்னைத்தான் கேட்கிறேன். உன் கடிதம் அங்கே யாருக்கும் படிக்காமலே என் பையில் இருக்கிறது.

உன் தங்கை,
ஆர்லிஸ்


டூசான்
ஏப்ரல் 18, 1979

அன்பு ஆர்லிஸ்,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து வீடு முழுக்க நடந்தேன், மறுபடி உட்கார்ந்து படித்தேன். நேற்று இரவு எட்டு மணிக்குப் படுத்தவள் இன்று ஏழு மணிக்குத்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

வருகிறேன். கடையில் சொல்லிவிட்டேன், வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். ஜூன் 2, சனிக்கிழமை மதியம் பஸ் வந்து சேரும். ஜேனலுக்கு அறையைக் கொடுத்திருந்தால் நான் சோபாவில் படுத்துக்கொள்கிறேன், அவளைக் கிளப்பாதே.

பெர்னீஸ் அன்று பார்த்த பார்வையை நினைத்து நினைத்துத்தான் இத்தனை வருஷம் இங்கே கிடந்தேன். அவள் என்னைக் கேட்கத் தெரியாமல் பார்த்திருக்கிறாள். நான் குற்றம் சாட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஊரே பயப்படுகிற அந்த வாய் ஐந்து வருஷமாக என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று கூட்டத்திலும் அது மூடியே இருந்து பழி முழுதும் என்மேல் விழுந்திருந்தால், அவள் ஜெயித்திருக்கலாம்.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதே. பஸ் நிற்கிற இடத்துக்கு நீயும் டுவேனும் வாருங்கள், உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என்னைக் கூபெக் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, நீங்கள் போய்விடுங்கள். என்ன பேசுவேன் என்று தெரியாது. கதவைத் தட்டுவேன்.

எல்லாருக்கும் என் அன்பு. டுவேன் முதுகு பத்திரம்.

உன் அக்கா,
லவோன்